ஹெஸ்டர் பிரிட்மோரும் அவள் முடிக்காத வினைச்சொல்லும்

ஹெஸ்டர் பிரிட்மோர் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யாரோ முன்பு ஏமாற்றிவிட்டான் என்றார்கள். அக்காவை விட்டுப் பிரிய மனமில்லை என்றார்கள். லேசாகக் கிறுக்கு என்று சொன்னவர்களும் உண்டு. காரணம் இதெல்லாம் இல்லை. ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்தான் காரணம். ரன். நம்முடைய 'ஓடு' செய்கிற வேலையெல்லாம் செய்துவிட்டு, அதற்கு மேலும் அக்கம்பக்கத்து வீட்டு வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற சொல் அது.

முதல் உலக யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். காலுறை ஆலைகளுக்கு நடுவே ஒரு பழைய நூல் கிடங்கு, அதன் மாடியில் அகராதி ஆபீஸ். நாடு முழுக்க இருந்த பாதிரிமார்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் பொழுது போகாத சீமாட்டிகளும் புத்தகம் படிக்கிறபோது கண்ணில் படுகிற வாக்கியங்களைச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். ஒரு சீட்டு, ஒரு வாக்கியம். அதையெல்லாம் மேசையில் கொட்டி, பொருள்வாரியாகக் குவியல் பிரிப்பதுதான் ஹெஸ்டரின் உத்தியோகம். குவியலுக்கு ஒரு பொருள் எழுதி, அதன் கீழே அதற்கு ஒத்த சொற்களைப் போடவேண்டும். ரொட்டிக்கத்தி, குடைக்கம்பி மாதிரிச் சொற்கள் காலையில் மேசைக்கு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆகிவிடும். ஆளைக் கொல்வது இந்தச் சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான்.

குவியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். குவியலுக்கு ஒத்த சொல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு சீட்டிலும் வைத்துப் பார்க்கவேண்டும். எல்லாச் சீட்டிலும் உட்கார்ந்தால் அது ஒரே குவியல். ஒரு சீட்டில் முரண்டு பிடித்தாலும் அந்தச் சீட்டை வெளியே எடுத்துத் தனியாக வைக்கவேண்டும். ஹெஸ்டரின் மேசையில் முரண்டு பிடித்த சீட்டுகள்தான் அதிகம். கடையை 'ஓட்டுகிறார்கள்' என்றால் 'நடத்துகிறார்கள்' என்று வைக்கலாம். வேலி மலையோரமாக 'ஓடுகிறது' என்றால் 'நீள்கிறது' என்று வைக்கலாம். அமெரிக்காவில் தேர்தலுக்கு நிற்கிறவன்கூட ஓடத்தான் ஓடுகிறான், அவனுக்கு எதை வைப்பது? துவைத்தால் சாயம் ஓடுகிறது, வளைந்த மூக்கு பரம்பரையில் ஓடுகிறது, மார்ச் மாத ஜலதோஷத்தில் நேர்மூக்கும் ஓடுகிறது. ஒரு மேசை போதாமல் இரண்டாவது மேசை வந்தது. பிறகு சன்னல் திண்டும் சீட்டுகளுக்கே போயிற்று. காற்றில் சீட்டுப் பறந்துவிடும் என்று வெயில் காலத்தில்கூட அந்த அறையின் சன்னலைத் திறக்க விடமாட்டாள்.

தலைமைப் பதிப்பாளர் குவார்ம்பி நல்ல மனுஷர்தான். வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

"மிஸ் பிரிட்மோர், ஆறு ஓடுது, குழாய் ஓடுது, மூக்கு ஓடுது. மூணுமே தண்ணிதானே? ஒண்ணா போட்டுடுங்களேன்."

"குழாயை நாம திறக்கிறோம், சார். மூக்கை யாரு திறக்கிறா?"

"சரி, அப்ப ஆறு?"

"அது பாட்டுக்கு ஓடுது. அதைத் திறக்கவும் ஆள் இல்ல, துடைக்கவும் ஆள் இல்ல."

குவார்ம்பி கீழே இறங்கிவிடுவார். அவள் சொல்வதில் ஞாயம் இருக்கிறதே, என்ன செய்வார் பாவம்.

கிளெம் டாவெல் டிராம் ஓட்டுநர். மனைவியை யுத்தம் முடிந்த வருஷத்து விஷக்காய்ச்சலில் பறிகொடுத்தவன். அகன்ற தோள், ஓயாத வாய். ஒரு மழை நாளில் டிராம் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது எல்லோரும் இறங்கிப் போக, ஒரு பெண் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு அவனிடம் நேராக வந்தாள்.

"ஏங்க, டிராம் ஓடுதுன்னு சொல்வீங்களா, போகுதுன்னு சொல்வீங்களா?"

"நேரத்துக்கு வந்தா ஓடுதும்பாங்க, அம்மணி. லேட்டா வந்தா ஜனங்க வேற சொல்லுவாங்க. அத உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?"

ஹெஸ்டர் சிரித்துவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சிரிக்கிறவள் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளெம் அவள் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்க ஆரம்பித்திருந்தான். அக்கா மேபல், காலுறை ஆலையில் கை தேர்ந்தவள், அவனுக்கென்று மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பணியாரத்தில் பெரிய துண்டாக வெட்டி வைப்பாள்.

மறு வருஷம் வசந்தத்தில் ஆற்றங்கரைப் பூங்காவில் வைத்து அவன் கேட்டான்.

"கட்டிக்கலாமா, ஹெஸ்டர்?"

"கட்டிக்கலாம். இந்த வினை மட்டும் முடிஞ்சிடட்டும்."

"எப்ப முடியும்?"

"கிறிஸ்துமஸுக்குள்ள."

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு அந்த ஆபீஸில் வேலை கிடையாது. மோதிரம் போட்ட மறுநாளே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை, அந்தக் காலத்தில் எல்லா ஆபீஸிலும் அப்படித்தான். அகராதிக்காரர்களுக்கென்று வேறொரு வழக்கம் இருந்தது. ஒருவர் பாதி பிரித்த வினைச்சொல்லை இன்னொருவர் தொடர்ந்து பிரிக்கமாட்டார். ஒரு மூளை போட்ட குவியலை இன்னொரு மூளை நம்பாது என்பது அவர்கள் கட்சி. பிரித்தவர் போய்விட்டால், அத்தனை குவியலையும் கலைத்து, ஒன்றாக்கி, வருஷ வாரியாக அடுக்கி, புதிதாக வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஹெஸ்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெல் என்ற கிழவர் ஒருவர் ஒரு பெரிய வினையின் நடுவே செத்துப்போனார். சவ அடக்கம் முடிந்து வந்த கையோடு அவர் மேசையைக் கலைக்கிற வேலையை இவளிடம்தான் கொடுத்தார்கள். ஒரு மனுஷன் வருஷக்கணக்காக யோசித்ததெல்லாம் ஒரு மத்தியானத்தில் பழையபடி வெறும் காகிதமாகிவிட்டது. அன்றைக்குக் கொடுத்த தேநீரைக்கூட அவள் தொடவில்லை.

ஆகவே கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடுவது என்று உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அடுத்தது ஈஸ்டர் என்றாள். கிளெம் சிரித்தான். அப்புறம் அறுவடைக் காலம் என்றாள். அப்போதும் சிரித்தான். அவன் ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்பதும், இவள் ஒரு பண்டிகையைச் சொல்வதும் வாடிக்கையாகிவிட்டது. டிராம் பணிமனையில் அவனை வைத்து ஓட்டாத ஆளில்லை.

"என்ன கிளெம், உன் ஆளு எந்த எழுத்துல இருக்கா?"

"இன்னும் அதே எழுத்துதான்டா. நீ உன் பிரேக்கைப் பாரு."

மேபல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே போட்டு உடைத்தாள்.

"அந்த மனுஷனுக்குத் தலை நரைச்சுப் போச்சுடி. உனக்கும்தான். கண்ணாடியைப் பார்த்தியா?"

"பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு, மேபல்."

"பாதிக்கு மேல, பாதிக்கு மேலன்னு போன வருஷமும் இதையேதான் சொன்னே. அப்புறம் போய் அந்தப் பாதியை ரெண்டா பிரிச்சே."

அது உண்மை. ஆலை ஓடுவதும் ஆலையிலுள்ள எந்திரம் ஓடுவதும் ஒன்றாகவே பல காலம் இருந்தன. 'இயங்கு' என்று வைத்தால் இரண்டிலும் ஒழுங்காக உட்கார்ந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஹெஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. எந்திரம் நின்றாலும் ஆலை ஓடுமே, சம்பளம் கொடுப்பார்களே? மாலைக்குள் அந்தக் குவியல் ஏழு குவியலாகிவிட்டது. வீட்டுக்குப் போகிறபோது அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளுக்கு ஏதோ நல்ல சேதி வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இப்படியே ஏழெட்டு வருஷம் போயிற்று. அடேயப்பா, பொறுமை என்றால் கிளெமுடைய பொறுமைதான். ஆனால் அதற்கும் ஒரு கெடு வந்தது.

ஸ்கார்பரோவில் கடற்கரையோரமாக அவன் தமக்கை ஒரு தங்கும் விடுதி வைத்திருந்தாள். அந்த மார்ச் மாதம் அவள் புருஷன் திடீரென்று இறந்துபோனான். ஜூன் பிறந்தால் வடக்கத்தி ஆலைக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஒற்றைப் பெண்ணால் சமாளிக்க முடியாது, நீ வந்து பொறுப்பை எடுத்துக்கொள் என்று தம்பியைக் கூப்பிட்டாள். கிளெம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நேராக ஹெஸ்டர் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மே மாசக் கடைசி சனிக்கிழமை கிளம்பறேன். இந்தத் தடவை கேக்கல, ஹெஸ்டர். சொல்றேன். நீ வந்தா அங்கேயே கல்யாணம். வரலேன்னா..."

"வரலேன்னா?"

"வரலேன்னா அவ்வளவுதான். எனக்கு அம்பது ஆகப்போகுது. இனிமே கேட்டுக்கிட்டிருக்கத் தெம்பு இல்ல."

அன்று இரவு ஹெஸ்டர் தூங்கவில்லை. ஒரு பக்கம் அவன். இன்னொரு பக்கம் பெல் கிழவரின் மேசை மாதிரிக் கலைந்து கிடக்கப்போகிற தன் மேசை. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு, கிளெம் கிளம்புவதற்குள் வினையை முடிப்பது. மறுநாள் காலையில் ஆபீஸ் கதவைத் திறந்தவளே அவள்தான்.

அந்த மே மாதம் அவள் செய்த காரியத்தை அங்கே யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆலையையும் எந்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்தாள். வேலியையும் சாலையையும் சேர்த்தாள். பஸ்ஸையும் ரயிலையும் படகையும் ஒரே கட்டாகக் கட்டினாள். ஒரு சீட்டு முரண்டு பிடித்தால் அதன் கழுத்தைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆற்றையும் குழாயையும் மூக்கையும் ஒரே குவியலில் போட்டு, 'திரவம் ஒழுகு, வழி, பாய்' என்று எழுதினாள். தன் வேலைக்குத் தானே துரோகம் செய்கிறோம் என்று நினைத்தாள். குவார்ம்பி ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார், பிரதியை முகத்தில் விட்டெறிவார் என்று எதிர்பார்த்தாள். ஆனாலும் கை நிற்கவில்லை. கிளெம் புறப்பட இன்னும் ஒரு வாரம் இருக்கையில் பிரதியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் குவார்ம்பி தானே மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"மிஸ் பிரிட்மோர், ராத்திரி ஒரே மூச்சா படிச்சு முடிச்சேன். பிரமாதம்! தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. பள்ளிக்கூடப் பையன்கூடப் பார்த்த உடனே புரிஞ்சுக்குவான்."

ஹெஸ்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆறும் மூக்கும்... அது சரியா இருக்கா, சார்?"

"ஏன், அதுக்கென்ன? நான்தான் அன்னிக்கே சொன்னேனே. இத்தனை வருஷமா ஏன் இப்படிப் பண்ணாம இருந்தீங்க?"

அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். குவார்ம்பி கை குலுக்கிவிட்டுக் கீழே போனார், அச்சகத்துக்கு ஆள் அனுப்ப.

சேதியைச் சொல்ல டிராம் பணிமனைக்குப் போனாள். ஓட்டுநர்கள் தேநீர் குடிக்கிற அறையில் கிளெம் தனியாக உட்கார்ந்து ரொட்டியும் வெண்ணெயும் தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அதுவரை அவள் அங்கே வந்ததே கிடையாது.

"முடிஞ்சிடுச்சு, கிளெம்."

"எது முடிஞ்சிடுச்சு?"

"வினை. நேத்து கொடுத்துட்டேன். இன்னிக்கு அச்சுக்குப் போகுது. கலைக்க வேண்டிய குவியல் எதுவும் இல்ல. நான் வரலாம்."

கிளெம் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கோப்பை ஒன்று கவிழ்ந்தது. பிறகு கீழே இறக்கினான். அவன் முகத்தில் ஏதோ மாறியது. மெதுவாக உட்கார்ந்தான்.

"எப்ப முடிக்க ஆரம்பிச்சே?"

"நீ வந்து சொன்னியே, அதுக்கு மறுநாள்."

"அப்ப சில வாரத்துலயே முடிஞ்சிடுச்சு."

ஹெஸ்டர் மேசையில் சிந்தியிருந்த தேநீரைக் கைக்குட்டையால் ஒற்றினாள்.

"சில வாரத்துல முடியற காரியத்துக்கா என்னை இத்தனை வருஷம் நிக்க வச்சே? பண்டிகை பண்டிகையா? இவனுங்க எல்லாரும் சிரிச்சானுங்க, ஹெஸ்டர். நானும் சேர்ந்து சிரிச்சேன். அது ரொம்பப் பெரிய வேலை, யாராலயும் ஆகாத வேலை, அதனாலதான்னு நெனச்சுக்கிட்டு சிரிச்சேன்."

"சரியா செஞ்சா அது பெரிய வேலைதான், கிளெம். இப்ப நான் செஞ்சது..."

"உங்க பெரியவர் என்ன சொன்னாரு?"

பொய் சொல்ல அவளுக்கு வராது.

"பிரமாதம்னாரு."

கிளெம் தலையை ஆட்டிக்கொண்டான். கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்தி வைத்தான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளை அதிகம் கலக்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லு. அத இதுன்னு பிரிக்காதே. என்னைக் கட்டிக்க உனக்கு இஷ்டம் இல்லையா?"

"இருக்கு."

"அப்ப என்னதான்?"

ஹெஸ்டருக்கே இப்போதுதான் அது தெரியவந்தது, குவார்ம்பி கேட்ட கேள்விக்குப் பிறகுதான். வினை முடியாததால் அவள் அங்கே இருக்கவில்லை. அங்கே இருப்பதற்காகத்தான் வினையை முடிக்காமல் வைத்திருந்தாள்.

"பயம், கிளெம். அந்த அறைக்குள்ள நான் யாருன்னு எனக்குத் தெரியும். அதை விட்டு வெளிய வந்தா தெரியாது. உன் வீட்டுல உட்கார்ந்து, நான் என்ன செய்யறது, யாரா இருக்கறதுன்னு... பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

பணிமனையில் யாரோ மணியடித்தார்கள், வண்டி எடுக்க கிளெமுடைய முறை. அவன் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா, நானும் உங்கூட உக்காந்து பயந்திருப்பேனேடி," என்றான். "எனக்கு மட்டும் என்ன, தைரியமா வழியுது?"

வாசல் வரை போனவன் திரும்பினான்.

"சனிக்கிழமை காலையில எட்டரை வண்டி. நான் வந்து கூப்பிடமாட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

அந்த வாரம் குவார்ம்பி அடுத்த வினையை அவளுக்கே ஒதுக்கினார். அதைவிடப் பெரியது, சீட்டு மூட்டை மூட்டையாக வந்து மாடியில் கிடந்தது. அந்த வினை தனக்குத்தான் என்று இரண்டு பேர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஹெஸ்டர் ஒரு மூட்டையின் கயிற்றை அவிழ்த்து மேலாக இருந்த சீட்டைப் படித்தாள். நல்ல வாக்கியம். அடுத்ததையும் படித்தாள். அதற்குப் பிறகு கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டு, கீழே போய் ராஜினாமா கொடுத்தாள். குவார்ம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது ஏதாவது தப்பாகப் பேசிவிட்டார்களா என்று மறுபடி மறுபடி கேட்டார்.

சனிக்கிழமை மேபல் ஒரு பையில் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கட்டிக் கொடுத்து, அழுது, ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். ஹெஸ்டர் வெகு சீக்கிரமே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நடைமேடையில் நின்றாள். ஆட்கள் வந்தார்கள், ஏறினார்கள். கிளெமைக் காணவில்லை. எட்டரை வண்டி வந்து நின்றது. மனசு மாறிவிட்டான் போலிருக்கிறது, முந்தின வண்டியிலேயே போய்விட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். எட்டு வருஷம் ஒருவனை நிற்க வைத்தால் அது எப்படி இருக்கும் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கண் கலங்கிவிட்டது. கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

கார்டு பச்சைக் கொடியைக் கையில் எடுத்தபோது, தண்டவாளத்துக்கு மேலே குறுக்காகப் போகிற பாலத்தின் படிகளில் கிளெம் தடதடவென்று இறங்கி வந்தான். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் தொப்பி. அவளைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"எங்க போயிருந்தே?" என்றாள் ஹெஸ்டர். குரல் உடைந்தது. "வண்டி கிளம்பப் போகுது!"

"மேலதான் இருந்தேன். விடிஞ்சதுலேருந்து மேலதான் நிக்கறேன்."

"அப்ப ஏன் இறங்கி வரல?"

"குனிஞ்சு பார்த்து, நீ இல்லேன்னா?" என்றான் கிளெம். "அதான் பார்க்கவே இல்ல."

கார்டு சத்தம் போட்டார். ஹெஸ்டர் அவன் பெட்டியைப் பிடுங்கி வண்டிக்குள் வீசினாள், பிறகு அவனைத் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.